வாசலுக்கு வரும் கார்

சின்னவளுக்கு மூன்று வயதில் வீசிங் வந்தது. மாதத்தில் மூன்று, நான்கு தடவை சானமாவிலிருந்து ஓசூருக்கோ பெங்களூருக்கோ அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும், "செகண்ட் ஹாண்ட்ல ஒரு கார் வந்திருக்கு. தவணை கட்டிக்கலாம்" என்றார்.

நான் கணக்கு நோட்டை எடுத்தேன். தவணை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல்... நான்கு நாள் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் புளியமரத்தடியில் நிற்கப்போகிற வண்டிக்கு இவ்வளவா?

"ஏங்க, போன்ல கூப்பிட்டா வாசலுக்கே கார் வருதே, அது போதாதா? ஒரு வண்டி குறைஞ்சா ஊர்ல புகையும் குறையும், குழந்தைக்கும் நல்லது" என்றேன்.

இப்படி நினைத்தது நான் மட்டுமில்லை. 2010-ல் ஓலா தொடங்கியது. 2013-ல் ஊபர் பெங்களூருக்கு வந்தது. 2019-ல் கார் விற்பனை சரிந்தபோது, இளைஞர்கள் தவணையில் கார் வாங்காமல் இந்த வண்டிகளிலும் மெட்ரோவிலும் போவது ஒரு காரணம் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே சொன்னார்.

என் பெருமையைக் கலைத்தவர் ஒரு டிரைவர். "உங்களை ஏத்திக்க ஓசூர்லேருந்து காலியா வந்தேன் அக்கா. கொண்டுவந்து விட்டா, திரும்பிப் போறதும் காலிதான்."

அந்தக் காலி ஓட்டத்துக்கும் புகை உண்டே! அமெரிக்காவில் 'யூனியன் ஆஃப் கன்சர்ன்ட் சயன்டிஸ்ட்ஸ்' அமைப்பு 2020-ல் கணக்கிட்டபோது, இப்படி அழைத்துப் போகும் பயணம், அது இல்லாவிட்டால் மக்கள் போயிருக்கும் வழியைவிடச் சராசரியாக 69 சதவிகிதம் அதிகமாகப் பருவநிலையைக் கெடுக்கும் புகையை விடுகிறதாம். காலியாக ஓடுவது ஒரு காரணம். பஸ்ஸில் போயிருக்க வேண்டியவர்கள் காரில் ஏறுவது இன்னொன்று. நானும் அப்படித்தானே, பஸ் இருக்கும் பகலில்கூடக் காரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

அப்புறம் அந்த ராத்திரி. ராகி அறுப்புச் சமயம். ஒன்பது மணிக்குக் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. போனில் ஒரு வண்டி ஒப்புக்கொண்டு ரத்தானது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது டிரைவர், "ரோட்டோரம் யானை நிக்குதாம், வரமாட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் தங்குவதும், நெடுஞ்சாலையைக் கடக்கையில் வனத்துறையினர் வண்டிகளை நிறுத்துவதும் எங்களுக்குப் பழக்கம். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் தக்காளி ஏற்றும் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். "108-ஐக் கூப்பிட வேண்டியதுதானேம்மா?" என்று நர்ஸ் கடிந்துகொண்டார். பதற்றத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதும் நாங்கள் கார் வாங்கவில்லை. ஆனால் மூன்று வழக்கங்கள் வைத்துக்கொண்டோம். பகலில் செக்கப் என்றால் ஓசூருக்கு டவுன் பஸ். பெங்களூர் என்றால் பக்கத்து இரண்டு வீடுகளோடு நாள் பேசி வைத்து ஒரே கார். தனியாகப் போனால் பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழி மெட்ரோ. ராத்திரி மூச்சுத் திணறினால் உடனே 108; எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

"மழையில பஸ்ஸுக்கு நிக்கறப்போ காரோட அருமை தெரியும்" என்று அவர் இன்னும் சொல்வார். சொல்லட்டும். தவணைக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதி, தபால் ஆபீஸில் சின்னவள் பேரில் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது.