தண்ணீரும் வெயிலும்

மீன், ஆமை, பல்லியினம், பாம்பு ஆகியவை உடல் சூட்டைத் தாமே உண்டாக்கிக் காத்துக்கொள்ளாத பிராணிகள். சுற்றியிருக்கும் தண்ணீரும் காற்றும் எந்த வெப்பத்தில் இருக்கின்றனவோ, ஏறக்குறைய அதுவே அவற்றின் உடல் வெப்பம். பசி எடுப்பதும், தின்றது செரிப்பதும், நோயை எதிர்த்து நிற்பதும் அதைப் பொறுத்தே நடக்கின்றன. மீனுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அது மூச்சு விடுவதும் கழிவை விடுவதும் ஒரே தண்ணீரில். நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வைத்தால் பாதிக் கடமை தீர்ந்துவிடும். மீனுக்குத் தீனி போடுவது கடமையில் கடைசிப் பங்கு. தண்ணீரைச் சரியாக வைத்திருப்பவர் மீன் வளர்க்கிறார். வெயிலையும் சூட்டையும் சரியாக அமைத்துக் கொடுப்பவர் ஆமை வளர்க்கிறார். வளர்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இங்கிருந்தே கிடைக்கிறது.

எல்லோரும் முதலில் கேட்பது, புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரு வாரத்திற்குள் ஏன் சாகின்றன என்பதுதான். சென்னையில் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் வாங்கி, ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வரும்போது மீன் நன்றாகத்தான் இருக்கும். கண்ணாடி பளபளக்கும் புதுத் தொட்டியில், தெளிந்த நீரில், நான்காம் ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். பழி கடைக்காரர் மீது விழும். உண்மைக் காரணம் பெரும்பாலும் அம்மோனியா. மீனின் செவுள் வழியாக வெளியேறும் அம்மோனியாவும், மிச்சத் தீனியும் கழிவும் அழுகுவதால் உண்டாகும் அம்மோனியாவும் நீரில் சேர்ந்துகொண்டே போகின்றன. அதற்கு நிறமில்லை, தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்போதே செவுளை அரித்துவிடும்.

பழகிய தொட்டியில் இந்த நஞ்சை நுண்ணுயிர்கள் கவனித்துக்கொள்கின்றன. ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும், நீர்ச்செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் படிந்து போதிய அளவு பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் விடாமல், அம்மோனியாவுக்காகத் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓடவிடுவது நல்லது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். பிறகும் எல்லா மீனையும் ஒரே நாளில் விடாமல், இரண்டு மூன்றாகச் சேர்க்க வேண்டும்.

தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அடுத்த கேள்வி. முழுவதும் கழுவவே கூடாது. மாதம் ஒருமுறை மீனையெல்லாம் வாளியில் எடுத்துப் போட்டு, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் அழுக்கோடு பாக்டீரியாவும் போய்விடுகிறது. பழைய தொட்டி மறுபடியும் புதுத் தொட்டியாகிவிடுகிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் போதும். ஃபில்டர் பஞ்சை அப்படி எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிட வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மாநகராட்சிக் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்ல குளோரின் கலந்திருக்கும். அது செவுளையும் பாக்டீரியாவையும் ஒருங்கே தாக்கும். ஒரு நாள் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓடவிட்டால் குளோரின் வெளியேறிவிடும். அவசரத்துக்குக் கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்பேட் உதவும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது, ஆனால் பல இடங்களில் கடினத்தன்மையும் காரத்தன்மையும் மிகுந்திருக்கும். அம்மோனியா காரத்தன்மை கூடக் கூட, சூடு ஏற ஏற அதிக நஞ்சாகும் என்பதால், அத்தகைய தண்ணீரில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றுவதும் சரியல்ல. தாது உப்புகள் நீங்கிய நீரில் காரத்தன்மை நிலையாக நிற்காது. உள்ளூர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே எளிய வழி. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை கடின நீரை விரும்புபவை. டிஸ்கஸ், நியான் டெட்ரா முதலிய அமேசான் மீன்கள் மென்னீருக்குப் பழகியவை.

வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்க்கலாமா என்றால், கூடாது என்பதே நேரான பதில். ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சீனர்கள் குளங்களில் வளர்த்துப் பெருக்கிய கெண்டையினம் அது. நீண்ட உடல் கொண்ட வகைகள் ஓர் அடி வரைகூட வளரும், கழிவும் மிகுதி. நல்ல பராமரிப்பில் பத்து, இருபது ஆண்டுகள் இருக்கும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. கிண்ணத்தில் ஆறு மாதத்தில் சாகும் தங்கமீன் அற்பாயுளில் சாகிறது. ஃபைட்டர் மீன் கிண்ணத்தில் பிழைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அதற்குச் செவுளோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் ஓர் உறுப்பும் தலைக்குள் உண்டு. ஆக்சிஜன் குறைந்த நெல்வயல் நீரிலும் அது வாழ்வது அதனால்தான். ஆனால் அம்மோனியாவை அந்த உறுப்பு தடுக்காது. பதினைந்து, இருபது லிட்டர் தண்ணீர் இருந்தால்தான் அதன் நிறமும் துடிப்பும் தெரியும். புதிதாகத் தொடங்குவோருக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி பொருத்தம்; ஐம்பது லிட்டருக்கு மேல் கொள்ளும். தண்ணீர் கூடுதலாக இருந்தால் தவறுகள் மெதுவாகத்தான் கேடு செய்யும். திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும். தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து எழுபது கிலோவைத் தாண்டும் என்பதால் அடியில் உறுதியான மேசை வேண்டும்.

எதோடு எதைச் சேர்க்கலாம்? வாய்க்குள் அடங்கும் மீனைப் பெரிய மீன் தின்னும் என்பது பொது விதி. வளர்ந்த ஏஞ்சல் மீனோடு நியான் டெட்ராவை விட்டவர்களுக்கு இது தெரியும். இரண்டு ஆண் ஃபைட்டர்கள் ஒரே தொட்டியில் இருக்க முடியாது. டைகர் பார்ப் தனியாகவோ இரண்டாகவோ இருந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். எட்டு, பத்தாக இருந்தால் தமக்குள்ளேயே சண்டையை முடித்துக்கொள்ளும். கப்பி குட்டி போடும் மீன். ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டிகள் வரும். ஆணைப் பிரித்த பிறகும், சேமித்து வைத்த விந்தணுக்களால் தாய் சில மாதங்களுக்குத் தொடர்ந்து குட்டி போடும். ஆண் மீனே இல்லாமல் குட்டிகள் எப்படி வந்தன என்ற வியப்புக்கு விடை அதுதான்.

தீனி விஷயத்தில் கொடுக்காமல் விட்டுச் செத்த மீன்களைவிட, கொடுத்துச் செத்த மீன்களே அதிகம். இரண்டு நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு வேளையோ இரு வேளையோ போதும். அருகில் போனதும் ஓடி வந்து வாய் திறப்பது பசியின் அடையாளமல்ல. ஆள் வந்தால் தீனி வரும் என்று மீன் கற்றுக்கொண்டதன் அடையாளம். மீனுக்கு மூன்று விநாடிதான் நினைவு நிற்கும் என்ற பேச்சு இதனாலேயே பொய்யாகிறது. ஊருக்குப் போகும்போது வளர்ந்த மீன்களை ஒரு வாரம் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. அக்கம்பக்கத்தாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதில்தான் ஆபத்து. விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் போதும். இமை இல்லாவிட்டாலும் மீனுக்கும் தூக்கம் உண்டு, அதற்கு இருட்டு வேண்டும்.

வெப்ப மண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. சமவெளித் தமிழ்நாட்டில் ஆண்டில் பெரும்பகுதி ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானலில் இல்லாமல் முடியாது. இங்கே சிக்கல் சித்திரை, வைகாசி வெயில். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரையாகக் குறைந்துவிடுகிறது. அதே சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நின்றால் ஏர் பம்ப்பைக் கூட்டி, கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரி பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

நோய்களில் அதிகம் காணப்படுவது வெள்ளைப் புள்ளி நோய். ரவை தூவியதுபோல உடலெங்கும் புள்ளிகள் தெரியும். மீன் கல்லில் உரசும். காரணம் ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. பழுத்து உதிர்ந்து, நீரில் பெருகி, குஞ்சுகள் நீந்தித் திரியும் கட்டத்தில் மட்டுமே அதைக் கொல்ல முடியும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதனால்தான். மருந்தைப் புள்ளி மறைந்த பிறகும் சில நாட்கள் தொடர வேண்டும். புதிய மீனை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் இந்தத் தொல்லையே வராது.

ஊர்வனவற்றைப் பற்றிய முதல் கேள்வி வளர்ப்பு முறையைப் பற்றியதாக இல்லாமல் சட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். நம் காடுமேடுகளில் வாழும் நட்சத்திர ஆமை, குளத்து ஆமைகள், உடும்பு, பச்சோந்தி, மலைப்பாம்பு, நாகம் எதையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. செல்வம் சேரும் என்ற நம்பிக்கையில் நட்சத்திர ஆமையை வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். 2022-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அது முதல் அட்டவணையில் இருக்கிறது. குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வெளிநாட்டு இனங்களுக்கு வேறு விதி. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள பால் பைத்தான் பாம்பு, பச்சை இகுவானா போன்றவற்றை வைத்திருப்போர், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கடைகளில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் கிடைக்கும் பச்சைக் குட்டி ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகையைச் சேர்ந்த செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். அது குட்டியாகவே இருக்கும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. உண்மையில் அது சாப்பாட்டுத் தட்டளவு வளரும், முப்பது ஆண்டுகள்கூட வாழும். அதன் ஓடு மென்மையாகிக் கோணுவதும், கண் வீங்கி மூடிக்கொள்வதும் அடிக்கடி கேட்கப்படும் புகார்கள். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அந்த வைட்டமினைத் தோல் உண்டாக்க வெயிலில் உள்ள புறஊதா-பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடி வழியே விழும் வெயிலால் பயனில்லை. பக்கத்தில் நிழலோடு நேரடி வெயிலோ, அதற்கென விற்கும் புறஊதா விளக்கோ அமைத்து, ஆமை முழுவதுமாக ஏறி உலர்ந்து உட்கார மேடு ஒன்றும் வைக்க வேண்டும். கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ குறைபாடும் அழுக்கு நீரும் காரணங்கள். காய்ந்த இறாலை மட்டும் போடாமல் கீரை, நீர்ச்செடி, சிறு மீன் என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். ஊர்வன நோயில்லாமலேயே சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை 1975-ல் தடை செய்யப்பட்டது, குழந்தைகளுக்கு இந்தக் கிருமி பரவியதால்தான். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், சமையலறைத் தொட்டியில் ஆமையின் பாத்திரத்தைக் கழுவாமலிருப்பதும் கட்டாயம்.

பதிவு செய்து பாம்போ இகுவானாவோ வளர்ப்போரின் பெரிய கவலை, அது சாப்பிடவில்லை என்பது. பால் பைத்தான் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பது இயல்பே. கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்கிறதா, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சூடு போதாவிட்டால் உண்டது செரிக்காது. கண் பால்போல் மங்குவது சட்டை உரிப்பதற்கு முன்னறிகுறி. பாம்புக்குப் பால் வைப்பது வீண், அது பால் குடிக்கும் பிராணி அல்ல. இகுவானா இலைதழை தின்னும் பிராணி. இறைச்சியும் முட்டையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓரடிக் குட்டியாக வாங்கியது வாலோடு சேர்த்து ஐந்தடிக்கு வளர்ந்து ஓர் அறையையே கேட்கும். பார்க்கும் ஆசை மட்டும் உள்ளவர்களுக்கு, 1976-ல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் சென்னை முதலைப் பண்ணை போதும்.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடலாமா என்பது கடைசிக் கேள்வி. புண்ணியம் என்று நினைத்துச் செய்தாலும் அது கேடு. தொட்டிப் பாசியைத் தின்ன வாங்கும் டேங்க் கிளீனர் மீன் ஒன்றரை அடி வரை வளர்ந்து, தொட்டி போதாமல் நீர்நிலைகளில் விடப்பட்டு, இன்று இந்தியாவின் பல ஆறு ஏரிகளில் பெருகிவிட்டது. முள்ளும் கடினத் தோலுமாக மீனவர் வலையைக் கிழிக்கிறது. செங்காது ஆமை, உலகின் மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கேரளத்து நீர்நிலைகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் அது காணப்பட்டிருக்கிறது. வேண்டாத மீனையும் ஆமையையும் விற்ற கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். நாட்டு ஆமை கைக்கு வந்தால் வனத்துறையிடம் சேர்க்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே, எவ்வளவு வளரும், எத்தனை ஆண்டு வாழும், சட்டம் அனுமதிக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லாத கடையில் எதையும் வாங்காதீர்கள்.