பிளக்கின் எண்

காருக்கு ஸ்பார்க் பிளக் வாங்கச் சென்றேன். "மரை பொருந்தினாற் போதும் ஐயா" என்றார் கடைக்கார இளைஞர். போதாது. அதை நான் கற்றது 1992இல், யாழ்ப்பாணத்தில்.

பெற்றோலுக்குத் தடை. பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அது முழுமையாக எரிவதில்லை. கரி பிளக்கின் முனையில் படியும், பொறி எழாது.

அயல்வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுசென்ற இரவு, கார் பாதிவழியில் நின்றது. சாரதி நான்கு பிளக்குகளையும் கழற்றி அரத்தாளால் தேய்த்தார். டோர்ச்சுக்கு பற்றரியும் தடை. பெற்றோல் போத்தல் அருகிலிருந்ததால் குப்பிவிளக்கைத் தள்ளியே பிடித்தேன். அரைமணி நேரம் போயிற்று. அந்தப் பெண் முனகுவதையும் நிறுத்தியிருந்தாள். அதுவே எம்மை அச்சுறுத்தியது. விடியுமுன் ஆண் குழந்தை பிறந்தது.

மறுநாள் சாரதி 'சூடான' பிளக்குகளைத் தேடிப் பூட்டினார். அவற்றின் முனை வெப்பத்தைத் தக்கவைக்கும். ஏறத்தாழ 450 பாகை செல்சியசைத் தாண்டினால் கரி தானே எரிந்துவிடும். அதையே இன்றைய பெற்றோல் காரில் பூட்டினால், முனை பழுத்து, பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றும்; பிஸ்டன் துளைபடவும் கூடும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்தது. பொஷ்சில் கூடினால் சூடானது. இந்தக் குழப்பத்தை யார் வேண்டுமென்றே செய்தார்களோ!

இளைஞரிடம் காரின் கைநூலைக் காட்டினேன். அதிலிருந்த எண் கடையில் இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.