மீட்டலும் காத்தலும்

இழந்ததை மீளப் பெறவேண்டுமென்ற வேட்கை மனித இயல்பு. பெரும்பாலும் அது நினைவோடும் பெருமூச்சோடும் நின்றுவிடும். ஆயின் கோளாறு நேர்வதற்கு முந்திய நாளொன்றைத் தெரிந்தெடுத்து, அந்நாளின் ஒழுங்கிற்கே திரும்பலாம் எனக் கூறும் வசதியொன்று, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்புடன் வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ எனப் பெயரிட்ட அதனை முறைமை மீட்பு எனத் தமிழிற் கூறலாம். அடுத்த ஆண்டில் வந்த எக்ஸ்பி பதிப்பில் அது பயனாளர் முன் ஒரு நாட்காட்டியையே விரித்தது. அதில் தடித்த எழுத்தில் நின்ற திகதிகளுள் ஒன்றைத் தெரிவுசெய்தாற் போதும், கணினி அந்நாளுக்குச் சென்றுவிடும் என்றே பலரும் விளங்கிக்கொண்டனர். இவ்விளக்கம் எத்துணை சரியானது என்பது, அவ்வசதி கைகொடாத வேளையிலேயே தெளிவாகின்றது.

2022 மார்ச் மாத முடிவில் இந்நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. எரிபொருள் வாங்குதற்கு அந்நியச் செலாவணி இருக்கவில்லை; நீர்த்தேக்கங்களும் வற்றியிருந்தன. அந்நாள்களில் வடமராட்சிக் கிராமமொன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டில், மேசைக் கணினியொன்று மின்சாரம் வரும் வேளை பார்த்து இயங்கிக்கொண்டிருந்தது. பனையோடு தொடர்புடைய சொற்களைத் தொகுப்பதில் ஆசிரியர் நான்காண்டுகளைச் செலவிட்டிருந்தார். ஒடியல், பினாட்டு, ஊமல் முதலியன அகராதிகளிலும் கிடைப்பன. அவர் தேடியவை அவையல்ல. ஓலையின் பருவத்துக்கும், பாளையின் நிலைக்கும், தளநாரின் முடிச்சுக்கும் தொழில் செய்வோர் வழங்கிய சொற்களே அவர் நாடியவை. அவ்வாண்டுத் தைப்பொங்கலுக்குப் பின்னர் சேர்ந்த சொற்கள் 40 வரை இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவற்றைச் சொன்னவர், சீவல்தொழிலில் வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவர். பெப்ரவரியில் அவர் காலமாகிவிட்டார்.

ஒருநாள் மாலை, கணினி தன் பணிசெயல் முறைமையின் இற்றைப்படுத்தலைப் பின்னணியில் நிறுவிக்கொண்டிருக்க, ஆசிரியர் தமது தொகுப்பைச் சேமித்த கணத்தில், நேரசூசிக்கு முன்னதாகவே மின்சாரம் நின்றது. மின்கலத் துணை அவ்வீட்டுக் கணினிக்கு இருக்கவில்லை. மின்சாரம் மீண்டபோது இரு தீங்குகள் தெரியவந்தன. கணினி திறந்த சில நிமிடங்களில் திரை உறைந்து நின்றது. அச்சுப்பொறியை அது அடையாளங் காணவுமில்லை. தொகுப்புக் கோப்போ பெயரளவில் இருந்தது, திறக்க மறுத்தது. ஒரே மின்வெட்டில் விளைந்தனவாயினும் இவை இரண்டும் வெவ்வேறு தீங்குகள் என்பதை அந்த வீட்டார் அப்போது உணர்ந்திலர்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள் அந்நாள்களில் வீட்டில் நின்றாள். முறைமை மீட்பைத் திறந்து, மின்வெட்டுக்கு முதல்நாள் கணினி தானே குறித்துவைத்த மீட்புப் புள்ளியை அவள் தெரிவுசெய்தாள். தொடங்கியபின் இடையில் நிறுத்த இயலாது என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. மின்சாரம் எப்போது நிற்குமென்று அறியாத நாள்களில் அவ்வெச்சரிக்கை வெறுஞ் சடங்கன்று. நேரசூசியைப் பார்த்து, இரண்டரை மணித்தியாலம் மிச்சமிருப்பதை உறுதிசெய்துகொண்டே அவள் தொடங்கினாள். முக்கால் மணித்தியாலத்தின் பின் கணினி மீள ஆரம்பித்து ஒரு செய்தியைக் காட்டியது.

“என்ன பிள்ளை, பழையபடி வந்திட்டுதோ?”

“இல்லை அப்பா. ஏலாதெண்டு சொல்லுது. ஆனால் ஒண்டையும் மாத்தேல்லையாம்.”

“அப்ப என்ர சொல்லெல்லாம்?”

“அது வேறை அப்பா. இது கொம்பியூட்டரின்ர ஒழுங்கை மட்டுந்தான் பாக்கும்.”

மகள் கூறியது சரியே. எனினும் அம்மறுமொழி தந்தையாருக்கு அச்சத்தையும் ஆறுதலையும் ஒருங்கே தந்தது. கணினி பின்னோக்கிப் போனால் தாம் அண்மையில் எழுதியனவும் போய்விடுமோ என்று அவர் அஞ்சியிருந்தார். அதே வேளை, பின்னோக்கிப் போனால் கெட்டுப்போன கோப்பு நல்ல நிலையில் திரும்புமென்று நம்பியுமிருந்தார். அவ்வச்சத்துக்கு இடமில்லை என்று கூறிய அதே விதி, அந்நம்பிக்கைக்கும் இடமில்லை என்று கூறிற்று.

மீட்பு ஏன் தோற்றது என்பது அடுத்த வினா. செய்தியின் அடியில் 80070005 என முடியும் பிழை எண் ஒன்று நின்றது. அதன் பொருள், அணுகல் மறுக்கப்பட்டது என்பதே. முறைமை மீட்பு பழைய கோப்புகளை அவற்றின் இடத்தில் மீள வைக்க முயல்கையில், வேறொரு மென்பொருள் அக்கோப்புகளைத் தன் பிடியில் வைத்திருப்பின் இவ்விதம் நிகழும். பெரும்பாலும் அப்பிடி வைரஸ் தடுப்பு மென்பொருளினுடையது. தன்னை எவரும் மாற்றலாகாது என்று காவல் செய்வதற்காக அமைந்த அது, நோய் செய்ய வந்தவனையும் மருத்துவனையும் வேறுபடுத்தி அறிவதில்லை. வன்தட்டின் கோப்பு ஒழுங்கு சிதைந்திருத்தல், மீட்புப் புள்ளியே பழுதுற்றிருத்தல், போதிய வெற்றிடம் இன்மை ஆகியனவும் தோல்விக்குரிய ஏனைய காரணங்கள். மின்சாரம் திடீரென நின்ற கணினியில் இவற்றுள் முதலாவதையும் ஐயுறுதல் வேண்டும்.

ஆகவே அடுத்த நாள் மகள் வேறொரு வரிசையைக் கைக்கொண்டாள். முதலிற் கணினியின் ஆவணங்கள் யாவற்றையும், திறக்க மறுத்த கோப்பு உட்பட, பென்டிரைவ் ஒன்றிற் படியெடுத்தாள். முறைமை மீட்பு ஆவணங்களைத் தொடாது எனினும், வன்தட்டைச் சீர்செய்யும் கருவி சிதைந்த கோப்புகளின் எச்சங்களை வெட்டிவிடக்கூடும். எனவே படியெடுத்தல் முந்துதல் வேண்டும். அடுத்து, மாற்று விசையை அழுத்திப் பிடித்தவாறு கணினியை மீள ஆரம்பித்து மீட்புச் சூழலுக்குள் நுழைந்தாள். வன்தட்டின் தனியொரு சிறு பகுதியிலிருந்து வழக்கமாக இயங்கும் அச்சூழலில், பணிசெயல் முறைமை உறங்கிக்கிடக்கும்; கோப்புகளைப் பற்றிநிற்கும் காவலர் எவரும் விழித்திருப்பதில்லை. அங்கிருந்து வன்தட்டின் கோப்பு ஒழுங்கைச் சோதித்துச் சீர்செய்தாள். பின்னர் முதல்நாட் புள்ளியை விடுத்து, அதற்கும் ஒரு வாரம் முந்திய புள்ளியைத் தெரிவுசெய்தாள். இம்முறை மீட்பு நிறைவேறியது. திரை உறையவில்லை, அச்சுப்பொறியும் இனங்காணப்பட்டது.

ஆனால் திரையின் மூலையிலிருந்த திகதி அன்றைய திகதியாகவே இருந்தது. தொகுப்புக் கோப்பும் முன்போலவே திறக்க மறுத்தது.

மீட்புப் புள்ளி என்பது உண்மையில் யாது என்று ஈண்டு நோக்குதல் தகும். கணினி முழுவதன் பிரதியன்று அது. 2007இல் வீடுகளுக்கு வந்த விஸ்டா பதிப்பு முதலாக, அது நிழற்படி என்னும் முறையிலே தங்கியுள்ளது. ஒரு புள்ளி குறிக்கப்பட்டபின், வன்தட்டின் ஒரு துண்டில் புதிய தகவல் எழுதப்படவிருக்கும் வேளையில், அத்துண்டின் பழைய உள்ளடக்கம் முதலில் வேறிடத்துக்குப் பெயர்க்கப்படுகின்றது. மாறாதவை இருந்த இடத்திலேயே இருக்கும். மாறியவற்றின் பழைய உருவே தனியே காக்கப்படும். மீட்பின்போது இவற்றைக் கொண்டு முறைமைக் கோப்புகளும், இயக்கி மென்பொருள்களும், ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேடும் பழைய நிலைக்கு ஒழுங்குசெய்யப்படுகின்றன. அப்புள்ளிக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் நீங்கும். பயனாளர் எழுதியவை எழுதியவாறே விடப்படும். எனவே கணினி பழைய நாளுக்குப் போவதில்லை. அது வீட்டின் தளபாடங்களைப் பழைய ஒழுங்கில் மீள அடுக்குகின்றதே அன்றி, அவ்வீட்டிற் பேசப்பட்ட சொல்லைத் திருப்பித் தருவதில்லை.

நிழற்படியிலிருந்து ஆவணமொன்றின் முந்திய உருவைத் தேடி எடுக்க ‘முன்னைய பதிப்புகள்’ என்னும் வேறொரு வாயில் உண்டு. மகள் அதையும் திறந்து பார்த்தாள். அங்கு எதுவும் இருக்கவில்லை. காரணம் எளிது. கணினி பழுதானால் ‘சீ’ பகுதி முழுவதும் அழிக்கப்படலாம், ஆகவே முக்கியமானவற்றை ‘டீ’ பகுதியில் வையுங்கள் என்று திருத்துநர் ஒருவர் முன்னரே கூறியிருந்தார். நல்ல ஆலோசனையே. ஆயின் முறைமைக் காப்பு, இயக்கப்பட்டிருக்கும் கணினிகளிலும், இயல்பாகச் ‘சீ’ பகுதிக்கு மட்டுமே உரியது. ‘டீ’ பகுதியைக் காக்குமாறு எவரும் அதற்குக் கட்டளையிடவில்லை. விண்டோஸ் 10 நிறுவப்பட்ட கணினிகள் பலவற்றில் அக்காப்பு எப்பகுதிக்கும் இயக்கப்படாமலே இருந்ததுண்டு. தேவை நேர்ந்த அன்று மீட்பைத் திறந்து, புள்ளி எதுவும் இல்லை என்ற செய்தியைக் கண்டு திகைத்தவர் பலர். காத்தல் முன்னரே நிகழாத இடத்தில் மீட்டல் எவ்வாறு நிகழும்?

தொகுப்பின் பெரும்பகுதி இறுதியிற் கிடைத்தது, கணினியிலிருந்தன்று. தைப்பொங்கலுக்கு வந்த தங்கையாருக்கு ஆசிரியர் அதன் அச்சுப் பிரதியொன்றைக் கொடுத்திருந்தார். வவுனியாவிலிருந்து பொதியாக அது வந்து சேர்ந்தபோது, ஓரங்களிலெல்லாம் பென்சிற் குறிப்புகள் காணப்பட்டன. “அம்மா இதுக்கு இப்பிடிச் சொல்லிறேல்லை அண்ணை” என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. இழந்த கோப்பில் இல்லாத விளக்கங்கள் இவ்வாறு பல வந்தன.

இது தமிழ் நூல்கள் பிழைத்த வரலாற்றுக்குப் புறம்பானதன்று. பனையோலை ஏட்டைச் செல்லும் ஈரமும் தின்னும் என்பதை அறிந்தோர், ஏடு ஒடியுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, வெவ்வேறிடங்களிற் கிடந்த ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கவேண்டியிருந்தது. ஏடுகள் ஒன்றோடொன்று வேறுபட்டமை பதிப்பாசிரியருக்குத் தொல்லையே; எனினும் பல இடங்களில் பல பிரதிகள் இருந்தமையாலன்றோ நூல் நமக்கு எஞ்சியது! மீட்புப் புள்ளியோ தான் காக்கும் பொருள் உள்ள அதே வன்தட்டிலேயே குடியிருக்கின்றது. வன்தட்டு மடிந்தால் இரண்டும் ஒருங்கே மடியும். மேலும் அதற்கென ஒதுக்கிய இடம் நிரம்பியதும் பழைய புள்ளிகள் தாமே நீக்கப்படும். எக்ஸ்பியில் ஒரு புள்ளியின் இயல்பான ஆயுள் 90 நாள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் மாத இற்றைப்படுத்தலின் பின், 60 நாள். ஓராண்டுக்கு முந்திய நிலையை அதனிடம் எதிர்பார்த்தல் பயனற்றது.

இதனால் முறைமை மீட்பு வீணான வசதி என்று முடிவுகட்டல் தகாது. பழுதான இற்றைப்படுத்தலையும் பொருந்தாத இயக்கியையும் நீக்குதற்கு அது ஏற்றது; அவ்வீட்டுக் கணினியை மீள இயங்கவைத்ததும் அதுவே. ஆனால் இயந்திரத்தின் ஒழுங்கைக் காத்தல் வேறு, மனிதர் ஆக்கியதைக் காத்தல் வேறு. பின்னதற்கு வேறிடத்திலே பிரதி வேண்டும். அப்பிரதியையும் இடையிடையே திறந்து வாசித்துப் பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்கப்படாத பிரதி ஒரு நம்பிக்கையே அன்றிக் காப்பு ஆகாது. மாதமுடிவில் தொகுப்பை இரண்டு இடங்களிற் படியெடுத்து, ஏதேனும் ஒரு பக்கத்தைத் தந்தையாருக்கு வாசித்துக் காட்டுதல் அவ்வீட்டில் மகளின் பொறுப்பாயிற்று.

தைக்குப் பின் சேர்ந்த 40 சொற்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. ஆசிரியர் நினைவிலிருந்து 27 சொற்களை எழுதினார். சிலவற்றின் பொருள் உறுதியாக நினைவில் இருந்தது. அதை விளக்க முதியவர் சொன்ன வாசகம் இருக்கவில்லை. அயற்கிராமத்துத் தொழிலாளர் இருவர் மேலும் ஐந்து சொற்களைத் தந்தனர்; அவற்றுள் இரண்டுக்கு அவர்கள் கூறிய பொருள் வேறாக இருந்தது. இச்சொற்கள் யாவற்றின் அருகிலும் அவர் ஓர் உடுக்குறியை இட்டிருக்கிறார். இவை கேட்டபடி எழுதியவை அல்ல, பின்னர் மீட்கப்பட்டவை என்பதை வாசிப்போர் அறியவேண்டுமென்பது அவர் கருத்து. எஞ்சிய எட்டுக்கும் இலக்கங்கள் மட்டுமே உள்ளன.