காய வைப்பது காற்று

எங்கள் மலையூர் தானா ராத்தாவில் நவம்பர் மழை பிடித்துக்கொண்டால், என் மேசைக்கு வரும் மடிக்கணினிகளில் பாதி அரிசி மணத்தோடு வரும். தே தாரிக் கொட்டியிருக்கும், இல்லாவிட்டால் தகரக் கூரை ஒழுகியிருக்கும். வீட்டில் யாராவது உடனே அதை அரிசிப் பைக்குள் புதைத்துவிடுவார்கள். "மூணு நாளா அரிசியிலதான் தம்பி வச்சிருந்தேன், இன்னும் உசுரு வரல" என்று போன வாரம் லயத்து அக்கா ஒருவர் கொண்டுவந்து வைத்தார். விசைகளுக்கு இடையிலிருந்து நான்கு அரிசி மணிகளை இடுக்கியால் எடுத்தேன். அடிமூடியைத் திறந்தால் உள்ளே தவிட்டுத் தூள், அதற்குக் கீழே பாலும் சர்க்கரையும் காய்ந்த பிசுக்கு. மூன்று நாளில் அரிசி குடித்தது ஒன்றுமில்லை.

அரிசியை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் என் அப்பா. அவர் கணினியைத் தொட்டவர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, இங்கே தேயிலை செய்கிறவர்களின் பிழைப்பே ஈரத்தோடுதான். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை நீளமான தொட்டியில், கம்பி வலையின் மேல் பரப்பி, கீழிருந்து பெரிய காற்றாடியால் ஊதுவார்கள். பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். இலை துவண்டு, கைப்பிடியில் அழுத்தி விட்டால் உருண்டையாக நிற்கிற பதம் வரவேண்டும். பையனாக இருந்தபோது சாப்பாட்டுத் தூக்கோடு போய் அந்தத் தொட்டி ஓரம் நின்றிருக்கிறேன். "சூடு அவசரக்காரன்டா. காத்துதான் வேலைக்காரன்" என்பார் அப்பா. சூட்டை ஏற்றினால் இலையின் ஓரம் கருகும், நடு நரம்பில் தண்ணீர் அப்படியே நிற்கும்.

நனைந்த கணினிக்கும் நான் செய்வது அந்தத் தொட்டி வேலைதான். முதலில் மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். உயிர் இருக்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்க்கிற ஆசையை அடக்க வேண்டும், அதுதான் மிகக் கடினம். வெறும் தண்ணீர் தகட்டை அவ்வளவு சீக்கிரம் கொல்வதில்லை. தண்ணீரில் கரைந்த உப்பும் அதன் வழியே ஓடும் மின்சாரமும் சேர்ந்துதான் செம்புக் கோடுகளைத் தின்கின்றன. பூசையறைப் பித்தளை விளக்கில் ஏறுகிற அதே பச்சைக் களிம்பு, தலைமயிர் கனமுள்ள செம்புக் கோட்டில் ஏறினால் கோடே அறுந்துவிடும். ஆகவே பால், சர்க்கரை எது கொட்டியிருந்தாலும் முதலில் கழுவுகிறேன். ஆமாம், தண்ணீரில் நனைந்ததைத் திரும்பத் தண்ணீரிலேயே கழுவுகிறேன். கார் பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த நீர், பழைய பல்துலக்கி, பிறகு 99 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹால். அதன் பின் கம்பி வலைத் தட்டில் நிறுத்தி, சின்னக் காற்றாடியை எதிரே வைத்து இரண்டு நாள். முடி உலர்த்தும் கருவியைக் காட்டவே கூடாது. சூடு நெகிழியை வளைக்கும், வேகமான ஊதல் தண்ணீரைச் சில்லுகளின் அடியில் தள்ளிவிடும்.

இந்த மலையில் கணினி வைத்திருக்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது சில பழக்கங்கள்தான். கணினியைப் போர்த்தாதீர்கள். பூவேலை செய்த துணியும் நெகிழி உறையும் ஈரத்தை உள்ளேயே அடைகாக்கும். அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்த கணினிதான் இங்கே முதலில் சாகும். தினம் அரை மணி நேரமாவது ஓடுகிற கணினி தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் பயப்படவேண்டாம், நினைவகப் பட்டையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எனக்கு வருகிற 'செத்த' கணினிகளில் கணிசமானவை இந்த ஒரு வேலையில் எழுந்துவிடுகின்றன. குத்துவிளக்கு துலக்குகிற நினைப்பில் புளியைத் தேய்த்துக் கொண்டுவந்தவரும் உண்டு. புளியின் காடி தகட்டில் தங்கிவிடும், வேண்டாம்.

இன்னொன்று கடிகாரம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்த காலத்தில், யார் யார் வீட்டு மூலையிலோ கிடந்த மேசைக் கணினிகள் எல்லாம் வெளியே வந்தன. ஒரு வீட்டில் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. பாதுகாப்பு இல்லை, சான்றிதழ் செல்லாது என்று எச்சரிக்கை வந்தது. இணைப்புதான் மோசம் என்று அந்த வீட்டுக்காரர் இரண்டு முறை சிம் அட்டை மாற்றியிருந்தார். திரையின் மூலையைப் பார்த்தேன், 2009 ஜனவரி 1. தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 காசுப் பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கணினி 2009க்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 2009இல் நின்றுகொண்டு பார்க்கிற கணினிக்கு, இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. புதுப் பேட்டரி போட்டுத் தேதியைச் சரிசெய்தேன், வகுப்பு திறந்தது. பக்கம் திறக்காவிட்டால் முதலில் தேதியைப் பாருங்கள் என்பது அன்றிலிருந்து எல்லாரிடமும் நான் சொல்வது.

எங்கள் கோயில் அலமாரியிலிருந்து ஒரு முறை நெகிழ்வட்டுப் பெட்டி ஒன்று வந்தது. காந்தத் தாளின் மேல் வெள்ளைப் பூஞ்சை, வட்ட வட்டமாக. உறையைப் பிளந்து, வட்டை மட்டும் எடுத்து ஆல்கஹாலில் துடைத்து, வேறு உறைக்குள் மாற்றிப் போட்டுப் படித்தேன். பதினொன்றில் ஏழு படித்தன. திறந்தால் எழுத்து எல்லாம் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாக இருந்தன. எனக்கு உடனே புரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு தமிழை எட்டு பிட்டுக்குள் அடைத்து வைத்த தகுதரக் குறியீடு அது. நம் நாட்டு முத்து நெடுமாறன் எண்பதுகளிலிருந்து வளர்த்த முரசு மென்பொருளில் தட்டியவை. மாற்றிப் பார்த்தால் தைப்பூச அழைப்பிதழ்கள், நன்கொடையாளர் பட்டியல்கள், கூட்டக் குறிப்புகள். தோட்டத்துத் தமிழர்கள் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்தின் காகிதங்களை நம் ஈரம் தின்றுகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலோ கோயிலிலோ அப்படி ஒரு பெட்டி இருந்தால், தூக்கிப்போடாமல் இந்த மாதமே யாரிடமாவது கொடுத்துப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை ஈரத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, ஈரம் எவ்வளவு என்று அளக்கிற ஆசை வருவது இயல்பு. உதிரிப் பொருள் வைத்திருக்கும் பின்னறையில் ஒரு அளவி வைக்க நினைத்தேன். இஎஸ்பி8266 சில்லு ஒன்று, வெள்ளைக் கூட்டுக்குள் இருக்கும் டிஎச்டி22 உணரி ஒன்று. எண் அழகாக வந்தது. ஒரு மழைக்காலம் முடிந்தபோது அது 99.9இல் போய் உட்கார்ந்துவிட்டது. வெயில் அடித்தாலும் இறங்கவில்லை.

உணரி பொய் சொல்கிறதா என்று பார்க்கச் சமையலறையே போதும். ஒரு சின்னக் கிண்ணத்தில் கல்லுப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, உணரியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஒரு இரவு மூடி வைக்க வேண்டும். உப்பு கரையாமல் மிச்சம் இருக்கிறவரை டப்பாவின் காற்று 75 விழுக்காட்டில் நிற்கும். நம் ஊர்க் குளிரானாலும் ஈப்போ வெக்கையானாலும் இது ஒரு விழுக்காடுகூட மாறாது. என் உணரி 94 காட்டியது. அதன் உள்ளே இருக்கிற மெல்லிய படலம் நாள்கணக்கில் நனைந்த காற்றில் இருந்தால் இப்படித்தான் வழி மாறும். புதிது வாங்கினேன், அதுவும் அடுத்த வருடம் அதே கதிக்கு ஆளானது.

மூன்றாவதை வாங்கப் போனபோதுதான் அப்பாவின் வாட்டும் பிரிவுச் சுவர் நினைவுக்கு வந்தது. ஒரே பலகையில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் குமிழ் சும்மா இருக்கும், மற்றதன் குமிழில் பருத்தித் துணி சுற்றி, துணியின் வால் ஒரு குப்பித் தண்ணீரில் தொங்கும். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். காற்று உலர்ந்திருந்தால் அதிகம் குளிரும், நனைந்திருந்தால் குளிராது. அப்பா எண்களைத் தனித்தனியாகப் பார்த்ததே இல்லை. "ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா காத்துக்குத் தாகம் இருக்குன்னு அர்த்தம்" என்று காற்றாடிக்காரரிடம் கை காட்டுவார். அந்தப் பலகையில் கெட்டுப்போவதற்கு ஒன்றுமே இல்லை. துணி அழுக்கானால் துணியை மாற்றலாம்.

அதையே டிஎஸ்18பி20 வெப்ப உணரிகள் இரண்டைக் கொண்டு செய்தேன். எஃகுக் குழாய்க்குள் அடைத்து, நனைந்தாலும் கவலை இல்லாமல் வருகிற வகை. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் இரண்டையும் ஒரே கம்பியில் கோக்கலாம். தரவுக் கம்பிக்கும் மின் கம்பிக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று வேண்டும், மஞ்சள், ஊதா, சிவப்பு. புதிதாகச் செய்கிறவர்கள் இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 85 டிகிரி என்று வந்தால் உணரி இன்னும் அளக்கவே இல்லை. கழித்தல் 127 என்று வந்தால் கம்பி எங்கோ விட்டிருக்கிறது.

இந்த உணரி அரை டிகிரிவரை தவறலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். சாதாரணமாக அது பெரிதில்லை. ஆனால் இங்கே நமக்கு வேண்டியது இரண்டின் வித்தியாசம். 18 டிகிரியில் அரை டிகிரி பிசகு, ஈரக் கணக்கில் நாலைந்து விழுக்காடாகப் போய் நிற்கும். எனவே இரண்டையும் கட்டி, பொடித்த பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் உள்ள வெந்நீர்க் குடுவையில் அரை மணி நேரம் விட்டு, இரண்டும் சுழியத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொண்டேன். கொதிநீரில் 100க்குச் சரிபார்க்கலாம் என்று எழுதியிருப்பதை நம்பி முதல் முறை நான் ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

திரிக்கு வெள்ளைப் பருத்திச் சப்பாத்துக் கயிறு, சோடா உப்பில் கொதிக்கவைத்துப் பசை போக்கியது. குப்பியில் வடித்த நீர், குழாய் நீர் விட்டால் திரியில் உப்புப் படியும். இவ்வளவு செய்தும் எண் சரியாக வரவில்லை. இரண்டு வாரம் கணக்கிலும் நிரலிலும் தேடினேன். அப்பா ஒரு மாலை வந்து பார்த்துவிட்டு, "காத்தே இல்லாத மூலையில வச்சிருக்கியே" என்றார். நின்ற காற்றில் திரியைச் சுற்றி ஈரம் போர்வை போல நிற்கும், குளிர்ச்சி முழுதாக இறங்காது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரிச்சர்ட் ஆஸ்மான் என்ற ஜெர்மானியர் சாவி கொடுத்துச் சுழலும் விசிறியைத் தன் கருவியில் பொருத்தியது இதற்காகத்தான். நான் பழைய கணினியின் மின்வழங்கியிலிருந்து காற்றாடியைக் கழற்றி, நீர்க்குழாய்த் துண்டின் ஒரு முனையில் மாட்டி, காற்று உணரிகளின் மேல் இழுபடும்படி வைத்தேன். ஈரக் குமிழ் அன்று இரவே இறங்கியது.

கணக்கிலும் மலையைச் சேர்க்க வேண்டியிருந்தது. உலர்ந்த குமிழ் 22, ஈரக் குமிழ் 17 என்றால் கடலோரத்து அட்டவணை 61 விழுக்காடு என்று சொல்லும். இங்கே காற்றழுத்தம் சுமார் 850 மில்லிபார், அதை வைத்துக் கணக்கிட்டால் 63. சின்ன வித்தியாசம்தான், இருந்தாலும் நம் ஊர்க் காற்றுக்கு நம் ஊர் எண் இருக்கட்டும் என்று நிரலில் மாற்றினேன். சில்லு இருக்கும் சுற்றுப் பலகைக்குப் பெட்டி செய்யும்போது அடியில் ஒரு துளை போட்டேன். முழுக்க அடைத்த பெட்டி பகலில் மூச்சு விட்டு இரவில் மூச்சு வாங்கும், வாங்குகிற மூச்சோடு ஈரமும் போய் உள்ளேயே வியர்க்கும். பற்றவைத்த இடங்களுக்கு மட்டும் நிறமில்லாத நகப்பூச்சு.

இந்தக் கருவி எனக்குக் காட்டிய ஒன்று நான் எதிர்பாராதது. விடிகாலை மூடுபனி ஜன்னலில் முட்டும்போது கதவைச் சாத்துவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். 15 டிகிரி மூடுபனியில் ஈரம் முழு நூறு. ஆனால் அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடேறினால் 64 விழுக்காடுதான். பின்னறை அலமாரியில் பாட்டி காலத்திலிருந்து ஒரு குண்டு பல்பு எரிகிறது, துணிக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க. அந்தப் பல்பு ஈரத்தை எங்கும் துரத்துவதில்லை, காற்றுக்குத் தாகம் ஏற்படுத்துகிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, மழை நாளில் தொட்டிக்குப் போகிற காற்றைத் தாங்களும் லேசாகச் சூடாக்கித்தான் ஊதுவோம் என்றார். "இலையச் சுட மாட்டோம். காத்தத்தான் சுடுவோம்." இப்போது உதிரி அலமாரியின் அடியில் ஒரு பல்பு, அடித்தட்டில் ஒரு துளை, மேல்தட்டில் ஒரு துளை. நான்காவது மழைக்காலம் இது. புதிதாகக் களிம்பு ஏறிய பலகை ஒன்றைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

லயத்து அக்காவின் மடிக்கணினி இரண்டாம் நாள் இரவு எழுந்தது. கீழ் வரிசையில் ஐந்து விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை, விசைகளுக்கு அடியில் இருக்கும் படலத்துக்குள் சர்க்கரை போய்விட்டது. புது விசைப்பலகை ஈப்போவிலிருந்து வரவேண்டும். அதுவரை பிள்ளை பாடம் செய்யட்டும் என்று என்னிடமிருந்த வெளி விசைப்பலகை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.