தொடர முடிகிற வைத்தியம்

மனச்சோர்வுக்கு மாத்திரை நல்லதா, கவுன்சலிங் நல்லதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பங்களில் இருப்பவருக்கு இதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது: மாதக்கணக்கில் விடாமல் தொடர முடிகிற வைத்தியம் எது? மாத்திரையின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும்; தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும். முதல் மருந்திலேயே முழுக் குணம் கண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்கிறது அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. மற்றவர்களுக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டும். அதற்கு டாக்டரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வந்தால் ஒருநாள் தொழில் போச்சு. போதாததற்கு, அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். பாதியில் நிறுத்துகிறவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பக்கத்திலேயே கிடைக்கும் உதவி பலிக்கும் என்பதற்குக் கோவா சாட்சி. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வோடு வந்தவர்களிடம், மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறிலிருந்து எட்டுத் தடவை உட்கார்ந்து பேசினார்கள். 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: மூன்று மாதத்தில் இப்படிப் பேச்சுதவி பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். மனசு சரியாகட்டும், பிறகு வேலைக்குப் போகலாம் என்று காத்திருக்காமல், விட்டுப்போன வேலையைத் துளித்துளியாகத் தொடங்க வைப்பதுதான் முறை. வலைப்பக்கமே போகாதவர் இன்று கிழிசலில் பத்துக் கண் மட்டும் முடியலாம். நாளை கரை வரை நடக்கலாம். மறுவாரம் என்ன செய்தார், மனம் எப்படி இருந்தது என்று கேட்க ஒருவர் வருவார்.

கடனும் மீன்பாடு குறைந்ததும்தானே காரணம், பேசினால் கடன் தீருமா என்பார்கள். தீராது. ஆனால் கடன்காரரிடம் தவணை கேட்கவும், சங்கத்துக்குப் போய் நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்கவும் எழுந்து நடக்கிற தெம்பு வேண்டும்; நோய் முதலில் பறிப்பது அதைத்தான். நிவாரணமும் வேண்டும், வைத்தியமும் வேண்டும். பயிற்சி பெற்றவர் மட்டும் போதுமா என்ற கேள்வி இன்னும் நியாயமானது. எப்போதும் போதாது. சாகலாம் என்ற நினைப்பு, காதில் குரல் கேட்பது, சோறு தண்ணீர் இறங்காதது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மனநல டாக்டரிடம் போக வேண்டும். மந்திரிக்கப் போகிறவர் போகட்டும். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது.

குப்பத்துக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில், பேசவும் விசாரிக்கவும் பயிற்சி பெற்ற ஒருவரை அரசு உட்கார வைக்க வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் தூக்கமும் பேச்சும் இல்லாமல் இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.