சந்தையில் ஒரு கணத்தாக்கு

நேற்று சாயங்காலம் மணவாளக்குறிச்சி சந்தைக்குப் போனது தேங்காய் வாங்க. திரும்பி வந்தது ஒரு கிலோ சாளையோடு. அலுமினியச் சருவத்தில் கிடந்து அப்படி மின்னியது. வீட்டில் மரச்சீனிக்கிழங்கு வேறு இருந்தது. தேங்காய் மறந்தே போச்சு.

"இம்பல்ஸ்ல வாங்கிட்டியளாப்பா?" என்று சிரித்தாள் பிளஸ் ஒன் படிக்கிற மகள்.

அவளுடைய இயற்பியல் புத்தகத்தில் இம்பல்ஸ் என்றால் கணத்தாக்கு. பெரிய விசை, துளி நேரம். இரண்டையும் பெருக்கினால் வருவது. லத்தீன் வேரும் 'தள்ளுதல்'தான். உயிரியலில் அதுவே நரம்புத் தூண்டல். சூப்பர் மார்க்கெட்காரருக்கோ, பில் போடும் மேஜையருகே மிட்டாய் அடுக்கக் காரணம். நமக்கு 'ஒரு வேகத்துல செஞ்சிட்டேன்' போதும். அதில் பாதி மன்னிப்பும் சேர்ந்தே வந்துவிடும், ஆங்கிலச் சொல்லுக்கு அந்த வசதி கிடையாது.

இம்பல்ஸ் வேறு, கிரேவிங் என்கிற தீராத ஆசை வேறு. இம்பல்ஸ் வந்த வேகத்தில் போய்விடும். கிரேவிங் நாள்கணக்கில் நச்சரிக்கும். அதற்கு நம்மிடம் 'வயா' என்றொரு சொல் இருந்தது. வேட்கை மிகுதி என்று தொல்காப்பிய உரியியல் பொருள் சொல்கிறது. கர்ப்பிணிகளின் மசக்கை ஆசைக்கும் அதே பெயர். இப்போது யார் சொல்கிறார்கள்?

சாளைக்கறிக்கு அரைக்கத் தேங்காய் இல்லை. மறுபடியும் சந்தைக்கு நடந்தேன்.