எந்திரத்தின் நெட்டுயிர்ப்பு

அலங்காநல்லூர் என்றவுடன் வாசக அன்பர்களுக்கு வாடிவாசலும் காளைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. தைத் திங்களின் அந்த ஒரு நாளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஆண்டு முழுதும் இவ்வூர்ச் சாலைகளில் மூச்சிரைக்க ஓடுபவை டிராக்டர்களும் பிக்கப் வண்டிகளுமே. நெல்லும் தேங்காயும் கரும்பும் அவற்றின் முதுகில்தான் பயணம் செய்கின்றன. மூச்சிரைக்க என்று நாம் எழுதியது அணிநயத்திற்காக அன்று. எஞ்சின் உண்மையிலேயே மூச்சு விடுகிறது. அந்த மூச்சை எங்கே விடுவது என்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பையே முடிவு செய்யக்கூடும் என்பதை அண்மையில்தான் கண்டோம்.

தமிழ் பயிற்றும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். நம் மைத்துனர் பழைய டர்போ டீசல் பிக்கப் ஒன்றை வைத்து மாட்டுத்தாவணிச் சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிறார். தவணை இன்னும் முடியவில்லை. சென்ற ஆண்டு அவ்வண்டியின் இன்டர்கூலர் குழாயைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய் வழிந்தது. பட்டறைக்கு உடன் சென்றோம். மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார். டர்போவுல குத்தமில்ல. மூச்சுலதான் குத்தம்."

அவர் சொன்னதை நமக்குத் தெரிந்த மொழியில் இவ்வாறு விளங்கிக்கொண்டோம். உருளைக்குள் எரிபொருள் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும்போது, அந்த அழுத்தத்தில் சிறு பங்கு ரிங்குகளின் இடுக்கு வழியே கீழிறங்கிக் கிராங்க் கேஸ் என்னும் அடிவயிற்றை அடைகிறது. புத்தம் புதிய எஞ்சினிலும் இது உண்டு. தேய்ந்த எஞ்சினில் மிகுதி. அங்கே தெறிக்கும் எண்ணெயின் துளிகளையும் சுமந்துகொண்டு அந்த வாயு வெளியேற வழி தேடும். அவ்வழிக்குப் பெயர் பிரீதர். நம் இலக்கியத் தலைவியர் நெட்டுயிர்ப்பது உள்ளே அடக்க முடியாத வெப்பத்தினால் என்போம். எஞ்சினும் அதற்காகவே நெட்டுயிர்க்கிறது.

தொடக்கக் காலத்தில் இந்த உயிர்ப்பைக் குழாய் ஒன்றின் வழியே நேராகச் சாலையில் விட்டுவிட்டார்கள். நம் வயல்களில் உழும் பல டிராக்டர்களின் அடியில் எண்ணெய் சொட்டும் அந்தக் குழாயை இன்றும் காணலாம். 1950களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்தின் வேதியியலை ஹாகன் ஸ்மிட் என்ற அறிஞர் விளக்கினார். எரியாத எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கூடிச் செய்யும் வினை அது என்று தெரியவந்தது. அந்த ஆவியில் கணிசமான பங்கு கிராங்க் கேஸிலிருந்து வருவது என்பதும் புலனாயிற்று. 1961ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், கலிஃபோர்னியாவில் விற்றவற்றுக்கு, அந்த வாயுவை மீண்டும் எஞ்சினுக்கே ஊட்டி எரிக்கும் ஏற்பாடு வந்தது; 1963இல் அது அமெரிக்கா முழுதும் பரவியது.

டர்போ வந்தபோது சிக்கல் கூடியது. சுவிஸ் நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றவர். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி உருளைக்குள் திணிப்பது டர்போவின் தொழில். திணிக்கும் அழுத்தம் கூடினால் ரிங்கின் வழியே கசிவும் கூடும். டர்போவின் அச்சுக்குச் செல்லும் எண்ணெய் தன் எடையால் மட்டுமே கீழே கிராங்க் கேஸுக்கு வடிகிறது. அடிவயிற்றில் அழுத்தம் ஏறினால் எண்ணெய் வடியாமல் தேங்கிக் காற்றுப் பாதைக்குள் கசியும். மெக்கானிக் டர்போவைக் குற்றம் சொல்லாததன் காரணம் இதுவே.

பெட்ரோல் டர்போவில் இரு வழிகள் தேவை. எஞ்சின் நிதானமாக ஓடும்போது மானிஃபோல்டு உறிஞ்சும். டர்போ முனையும்போது அதே மானிஃபோல்டு ஊதத் தொடங்கிவிடும். அப்போது ஒருவழி வால்வு அடைத்துக்கொள்ள, வாயு டர்போவுக்கு முன்னுள்ள குழாய்க்குச் செல்ல வேண்டும். டீசலில் பெரும்பாலும் அந்த இரண்டாம் வழி ஒன்றே. எவ்வழியாயினும் எண்ணெய்த் துளிகள் இன்டர்கூலரின் உட்புறத்தில் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கின்றன. கரியோடு கலந்து மானிஃபோல்டில் பிசினாகின்றன. பெட்ரோல் எஞ்சினில் தட்டலை வரவழைக்கின்றன. இடைவழியில் அந்த எண்ணெயைப் பிடித்து வைக்கும் கலமே கேச் கேன்.

மைத்துனருக்கு ஊரார் சொன்ன யோசனைகள் இரண்டு. பிரீதரை அடைத்துவிடு என்பது ஒன்று. குளிர்பானப் பாட்டிலில் துணியை அடைத்து, அதற்குள் குழாயைச் செருகிவிடு என்பது மற்றொன்று. மெக்கானிக் இரண்டையும் மறுத்தார். "மூச்ச அடைச்சா எண்ணெய் போற எடத்துக்கெல்லாம் போகும் சார். டீசல் வண்டி அந்த எண்ணெயவே குடிச்சு ஓடும். சாவிய எடுத்தாலும் நிக்காது."

இது மிகையன்று. அப்படி ஒரு வண்டியை நாமே கண்டிருக்கிறோம். பாட்டில் அடைபட்டு, எண்ணெய் காற்றுப் பாதையில் ஏறி, வெண்புகை சூழ எஞ்சின் தன்போக்கில் அலறிற்று. ஓட்டுநர் இளைஞர், பிரேக்கை முழுதும் மிதித்துக்கொண்டு உயர்ந்த கியரில் கிளட்ச்சை விட்டு அதை அடக்கினார். அது கைகூடாதபோது காற்று புகும் வாயைத் தட்டையான பலகையால் மூடுவதே வழி. வெறுங்கையை அங்கே வைக்கக் கூடாது. அன்று உயிர்ச்சேதம் இல்லை. எஞ்சின் மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

மைத்துனரின் வண்டிக்கு முறையான கலம் பொருத்தப்பட்டது. உள்ளே தடுப்புத் தகடுகளும் கம்பி வலையும் உண்டு. குளிர்ந்த தகட்டில் மோதும் துளிகள் திரண்டு கீழே விழுகின்றன. குழாயின் உள்விட்டம் முன்பிருந்ததைவிடக் குறையக் கூடாது. எண்ணெய் தாங்கும் ஓஸ் வேண்டும்; அது தொய்ந்து எங்கும் தேங்கக் கூடாது. கலம் புகைக்குழாயின் வெப்பத்திற்கு எட்ட இருக்க வேண்டும். வடிகட்டிய காற்று டர்போவின் முகப்புக்கே திரும்ப வேண்டும். அதைச் சாலையில் விடுவது அக்கம்பக்கத்தாரின் நுரையீரலில் விடுவதாகும். உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியில் இதற்கெல்லாம் கைவைக்காதிருப்பதே நலம்.

கலம் மருந்தன்று. அது நோயை அளக்கும் படி. மார்கழிக் காலையில் அதில் மோர்போல் வெளுத்த நீர் கலந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கசியும் வாயுவிலுள்ள நீராவி குளிரில் திரண்ட ஈரம் அது. மாதந்தோறும் சேரும் எண்ணெய் ஏறிக்கொண்டே போனால் ரிங்குகள் தேய்கின்றன என்று பொருள். மைத்துனர் வடித்த அளவை நாட்காட்டியில் குறித்துவந்தார். நான்காம் மாதம் முதல் மாதத்தைப் போல் இருமடங்கு. தவணை முடியும்வரை ஓட்டிவிடலாம் என்றிருந்தவர், அறுவடைச் சவாரிகள் தொடங்குமுன் எஞ்சினை இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார். பத்து நாள் வருமானம் போயிற்று, வண்டி தப்பியது.

ஏழு ஊர்களின் வேலையை ஒற்றையாகச் சுமக்கும் கொல்லன் உலைத் துருத்தியைக் குறுந்தொகை உவமையாக்கியிருக்கிறது. தாங்கும் எல்லையை மீறி உழைப்பதன் துயரை அதன் புலவர் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டார். இன்றைய பட்டறைகளிலும் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தே நோய் அறிபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்தவற்றுள் எத்தனை நம் எழுத்தில் ஏறியிருக்கின்றன என்பதே நமக்கு எஞ்சிய வினா.